தொலைத்தவள்

வரதய்யபாளையத்தில் யமுனாவைத் தெரியாதவர்கள் குறைவு. வார நாட்களில் ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் கார்களுக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். ஞாயிற்றுக்கிழமை வந்தால் சபையில் பாஸ்டருக்குப் பக்கத்தில் இன்னொரு மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். பாஸ்டர் தெலுங்கில் ஒரு வாக்கியம் சொல்வார். அவர் மூச்சு வாங்குவதற்குள் யமுனா அதைத் தமிழில் சொல்லி முடித்திருப்பாள். தகரக்கூரை போட்ட அந்தச் சபையில் பாதிப் பேர் ஊர்க்காரத் தெலுங்கர்கள். மீதிப் பேர் வேலைக்காகக் கும்மிடிப்பூண்டி, ஊத்துக்கோட்டைப் பக்கமிருந்து வந்து ரூம் எடுத்துத் தங்கியிருக்கும் தமிழ்ப் பிள்ளைகள். அவர்களுக்காகத்தான் இந்த ஏற்பாடு.

யமுனா பிறந்தது பிச்சாட்டூரை ஒட்டிய ஒரு காலனியில். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு. சாமி கும்பிடும் குடும்பம். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் ஜெபகுமாரை விரும்பிக் கட்டிக்கொண்ட பிறகுதான் சபைக்கு வரத் தொடங்கினாள். ஒருநாள் வழக்கமாக மொழிபெயர்ப்பவருக்குத் தொண்டை கட்டிவிட, சும்மா ஒரு வாரத்துக்கென்று மைக்கைப் பிடித்தவள்தான். அதற்குப் பிறகு யாரும் அதைத் திரும்பக் கேட்கவில்லை.

எப்படி இவ்வளவு வேகமாகச் சொல்கிறாய் என்று யாராவது கேட்டால் சிரிப்பாள். "காதுல வாங்கி வாயில வுடணும். நடுவுல மனசு பூந்துச்சுன்னா பூட்ச்சு." அவள் அதை விளையாட்டாகச் சொல்லவில்லை. பாஸ்டர் தன் வாழ்க்கையைப் பற்றி அழுதுகொண்டே சொன்ன சாட்சியைக்கூட அவள் நிதானம் தவறாமல் தமிழில் சொல்லியிருக்கிறாள்.

அவளுடைய அப்பா, அவள் நைனா என்று கூப்பிடும் ரங்கனைப் பற்றி சபையில் ஜெபகுமாரைத் தவிர யாருக்கும் தெரியாது. அவள் சொன்னதில்லை.

ரங்கன் கூலிக்காரராக இருந்தவர். காலனிக்காரர்களுக்கு அரசாங்கம் நிலம் கொடுத்தபோது அவருக்கும் ஒரு துண்டு கிடைத்தது. அதில் வேர்க்கடலை போட்டார். குடிக்காத நாளில் அவரைப் போல ஒரு மனிதர் கிடையாது. யமுனாவின் மகள் ஹர்ஷினியைத் தோளில் உட்கார வைத்துக்கொண்டு ஊரைச் சுற்றுவார், அவள் கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் சொல்வார், தெரியாவிட்டால் பொய்யாவது சொல்வார். குடித்த நாளில் சத்தம் போட மாட்டார், யாரையும் அடிக்க மாட்டார். போன இடத்தில் படுத்துவிடுவார், அவ்வளவுதான்.

அன்றைக்கு அவர் படுத்த இடம் ஆரணியாற்று அணைக்கட்டின் கரை. கூடக் குழந்தை இருந்தது. நாலு வயசு.

வலை காய வைக்க வந்த மீன்காரர்கள் ஹர்ஷினியைக் கண்டார்கள். கரைப்படியில் உட்கார்ந்து, காலைத் தண்ணீரில் விட்டு ஆட்டிக்கொண்டிருந்தாள். அடுத்த படி பாசி பிடித்து வழுக்கும் படி. அதற்கு அப்புறம் ஆழம். அவர்கள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு காலனிக்கு வந்தபோது குழந்தையை நைனாவிடம் விட்டு மாமியார் வீட்டுக்குப் போயிருந்த யமுனா அப்போதுதான் பஸ்ஸை விட்டு இறங்கினாள். விஷயத்தைக் கேட்டாள். குழந்தையின் ஈரப் பாவாடையைத் தொட்டுப் பார்த்தாள். அதன் பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்து நின்ற நைனாவைப் பார்த்தாள்.

"தொலைஞ்சு போ" என்றாள். "என் கண்ணு முன்னால நிக்காத. எங்கியானா தொலைஞ்சு போ."

ரங்கன் கொடியில் கிடந்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு நடந்தார். கோபத்தில் போகிறார், பொழுது சாய்ந்தால் வந்துவிடுவார் என்று எல்லோரும் நினைத்தார்கள். வரவில்லை. அந்த வாரம் வரவில்லை. கடலை பிடுங்குகிற மாசத்திலும் வரவில்லை.

போலீஸுக்குப் போகலாமா என்று ஜெபகுமார் கேட்டான். யமுனாதான் வேண்டாம் என்றாள். "அந்தாளா போச்சு, அந்தாளா வரட்டும்." அவளுடைய கோபத்தில் நியாயம் இருந்தது, அதை யாரும் மறுக்கவில்லை. அதனால்தானோ என்னவோ, யாரும் தேடவும் இல்லை. வருஷங்கள் போகப் போக, செத்திருப்பார் என்று சிலரும், வேறு ஒருத்தியோடு இருப்பார் என்று சிலரும் சொன்னார்கள். அம்மா மணியம்மா மட்டும் பூவையும் பொட்டையும் விடாமல் வைத்துக்கொண்டு, "சோறு கெடைக்கிற ஊரா பாத்து பூட்டிருக்கும். திருப்பதில எங்கியோ துன்னுக்கினுதான் இருக்கும்" என்பாள். அப்படிச் சொல்லிக்கொண்டே இருந்தவள் கொரோனா இரண்டாவது முறை வந்தபோது போய்ச் சேர்ந்தாள்.

சபைக்குப் புதிதாக வந்த பாஸ்டர் ஹரிபாபு சித்தூர்க்காரர், யமுனாவைவிட வயதில் சிறியவர். பெங்களூரில் இறையியல் படித்தவர். கிரேக்க மொழி கற்றுக்கொண்டதில் அவருக்கு ஒரு தனி சந்தோஷம். பிரசங்கத்துக்கு நடுவில் ஒரு கிரேக்க வார்த்தையாவது வராமல் இருக்காது. பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வார்கள். அவருக்கும் அது தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் காணாமல் போனவற்றைப் பற்றி வேதத்தில் வரும் மூன்று கதைகளை எடுத்துக்கொண்டார். நூறு ஆட்டில் ஒன்று, பத்துக் காசில் ஒன்று, இரண்டு பிள்ளைகளில் ஒருவன்.

"மூன்று கதைக்கும் கிரேக்கத்தில் ஒரே வார்த்தை" என்றார் தெலுங்கில். "அப்பொல்லுமி."

யமுனா தமிழில் சொன்னாள்.

"ஆடு வழி தப்பிப் போனாலும் இந்த வார்த்தைதான். வேறு இடத்தில் பழைய தோல் பை கிழிந்து வீணாகிறது, அதற்கும் இதே வார்த்தை. வீட்டை விட்டுப் போய்ப் பன்றி மேய்க்கிற பிள்ளை பசியில் சாகிறேன் என்கிறானே, அதுவும் இதே வார்த்தை. எங்களை அழிக்க வந்தாயா என்று பிசாசு கத்துகிறதே, அங்கேயும் இதுதான். காணாமல் போவது, கெட்டுப் போவது, செத்துப் போவது, அழிப்பது, எல்லாம் ஒரே சொல்லுக்குள் இருக்கிறது."

யமுனா ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

"நம் தெலுங்கில் அப்படி ஒரு வார்த்தை எனக்குக் கிடைக்கவில்லை. ஒரு இடத்தில் தப்பிப்போவது, அதாவது வழி தவறுவது என்று போட்டிருக்கிறது, இன்னொரு இடத்தில் நசித்துப்போவது, அழிவது என்று."

"தெலுங்குல அப்படி ஒரு வார்த்தை கெடைக்கல" என்று யமுனா தொடங்கினாள். அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக நடுவில் மனசு புகுந்தது. "ஆனா தமிழ்ல இருக்குது" என்று மைக்கில் அவள் குரல் கேட்டது. பாஸ்டர் சொல்லாததை அவள் சொல்கிறாள் என்று தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. "தொலையறது. சாவி தொலைஞ்சாலும் அதான். எதிரிய தொலைச்சுக் கட்டறேன்னாலும் அதான். ஒருத்தர பாத்து நாசமாப் போன்னு சொல்லணும்னா என்னா சொல்வோம், தொலைஞ்சு..."

பிள்ளைகள் சிரித்தார்கள். தினமும் அவர்கள் வாயில் வருகிற வார்த்தை வேதத்துக்குள் போய் உட்கார்ந்திருப்பது அவர்களுக்கு வேடிக்கையாக இருந்தது. யமுனா வாக்கியத்தை முடிக்கவில்லை. பாஸ்டர் அவளைத் திரும்பிப் பார்த்தார், கொஞ்சம் பொறுத்தார், பிறகு மேலே பேசினார். மிச்சப் பிரசங்கத்தை அவள் எப்படியோ சொல்லி முடித்தாள். இரண்டு இடத்தில் தெலுங்கை அப்படியே தெலுங்கிலேயே திருப்பிச் சொன்னதாக ஜெபகுமார் பிறகு சொன்னான்.

கூட்டம் கலைந்தபின் டீ டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தவளிடம் பாஸ்டர் வந்தார். அவருக்குத் தமிழ் பேச வரும், கொஞ்சம் தெலுங்கு வாடையோடு.

"அக்கா, நல்ல வார்த்தை சொன்னீங்க. நான் இத்தன நாளா தேடினது. ஆனா ஏன் நிறுத்திட்டீங்க?"

சொல்ல வேண்டாம் என்றுதான் அவள் நினைத்தாள். குழாயை மூடிவிட்டுச் சொன்னாள். அணைக்கட்டு, பாசிப்படி, ஈரப் பாவாடை, தான் சொன்ன வார்த்தை, கொடியில் கிடந்த சட்டை.

"ஆறுதல் சொல்ல எனக்குத் தெரியல அக்கா" என்றார் கடைசியில். "இன்னிக்கு நேரமில்லன்னு ஒண்ணு வுட்டுட்டேன், அத சொல்றேன். நம்ம தெலுங்கு வேதத்துல ஆடு தப்பிப்போச்சு. தமிழ்லயும் காணாம போச்சுன்னுதான இருக்குது? ஆடு தானா போன மாதிரி. கிரேக்கத்துல அந்த எடத்துல வாக்கியம் அப்படியில்ல. மேய்ப்பன்தான் எழுவாய். நூறு ஆட்டுல ஒண்ண அவன் தொலைச்சுட்டான்னு இருக்குது. காசும் அப்படித்தான். அந்தக் கதைல வர்ற பொம்பள, நான் தொலைச்ச காசுன்னுதான் சொல்றா."

யமுனாவுக்குச் சட்டென்று கோபம் வந்தது. "அப்படின்னா தப்பு என்மேலங்கிறீங்களா? கொழந்தய தண்ணியாண்ட வுட்டுட்டு தூங்கினது அந்தாளு. நான் தொலைச்சேனா?"

"தப்பு யார்மேலன்னு அந்த வார்த்த சொல்லல அக்கா. அது யாரோடதுன்னுதான் சொல்லுது. ஊர்ல எவன் ஆடோ காணாம போனா, நான் தொலைச்சேன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. தன்னோடதா இருந்தாத்தான் அப்படிச் சொல்ல வரும்." அவர் சங்கடத்தோடு சிரித்தார். "இது இலக்கணம். உங்க வீட்டு விஷயம் எனக்குத் தெரியாது."

அவள் டம்ளர்களைக் கவிழ்த்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

அந்த வாரம் முழுக்க அந்தப் பேச்சு அவளை விடவில்லை. கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து யோசித்தாள். இத்தனை வருஷமாகத் தங்கள் வீட்டில் அந்த விஷயத்தை எப்படியெல்லாம் சொல்லியிருக்கிறோம் என்று நினைத்துப் பார்த்தாள். நைனா போயிட்டாரு. நைனா காணாம போயிட்டாரு. நைனா நம்மள வுட்டுட்டாரு. எல்லாவற்றையும் செய்தவர் நைனாதான். போனவரைத் தேட வேண்டியதில்லை, அவர் போனார், அவ்வளவுதான். ஒருநாள் காலையில் மாவு அரைத்துக்கொண்டிருக்கும்போது, யாரும் பக்கத்தில் இல்லை என்று பார்த்துக்கொண்டு, மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள்: "எங்க நைனாவ நான் தொலைச்சுட்டேன்."

கிரைண்டர் சத்தத்தில் அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை. ஆனால் சொன்ன பிறகு அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இருக்கவில்லை. ஒரு கம்மலைத் தொலைத்தவள்கூடச் சும்மா உட்கார்ந்திருக்க மாட்டாள்.

"எங்க போயி தேடறது?" என்றான் ஜெபகுமார்.

"திருப்பதில. எங்கம்மா சொல்லிக்கினே இருந்துச்சு. நாமதான் காதுல வாங்கல."

அவர்களுடைய கல்யாணப் போட்டோவில் ஓரமாக நின்றிருந்த ரங்கனை மட்டும் பெரிதாக்கி ஜெபகுமார் போனில் வைத்துக்கொண்டான். சபை முடிந்ததும் இருவரும் பைக்கில் காளஹஸ்தி வழியாகத் திருப்பதிக்குப் போவார்கள். மற்ற ஊரில் ஒரு அன்னியனைப் பார்த்தால் யார் நீ என்று கேட்பார்கள். திருப்பதியில் எல்லோரும் அன்னியர்கள், அதனால் யாரும் யாரையும் கேட்பதில்லை. மொட்டையடித்த தலைகள் வேறு. பஸ் ஸ்டாண்டு, சத்திரங்கள், அலிபிரியில் மலையேறுகிறவர்கள் கூடுகிற இடம், அன்னதான வரிசை. காவிவேட்டியோடு மரத்தடியில் படுத்திருந்த ஒவ்வொரு கிழவரையும் யமுனா குனிந்து பார்த்தாள். சிலர் காசு கொடுக்க வந்ததாக நினைத்துக் கையை நீட்டினார்கள். ஒருவர், தமிழ்க்காரர், "யாரம்மா தேடற? என்னையா?" என்று கேட்டார். அவள் இல்லை என்று தலையாட்டிவிட்டு வந்து பைக்கில் உட்கார்ந்து அழுதாள்.

மழைக்காலம் வந்தது. ஒரு வாரம் போகவில்லை. மறுவாரம் ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்தெருவில் டீ குடிக்க ஒதுங்கினார்கள். கடை நடத்துகிறவள் ரத்னம்மா. ஜெபகுமார் பழக்கத்தில் போனை நீட்டினான். அவள் கையைத் துடைத்துக்கொண்டு போட்டோவைப் பார்த்தாள்.

"வேடிநீள்ளு ரங்கய்யா காதா?" என்றாள். சுடுதண்ணீர் ரங்கய்யாதானே என்று கேட்கிறாள். மூன்று கட்டடம் தள்ளி இருந்த லாட்ஜைக் கையால் காட்டினாள். "இப்போகூட டீ குடிச்சிட்டு போனாரு."

லாட்ஜின் படிக்கட்டு குறுகலானது. இரண்டு கையிலும் ஆவி பறக்கும் பக்கெட்டுகளோடு ஒரு கிழவர் மேலே ஏறிக்கொண்டிருந்தார். முதுகு வளைந்திருந்தது. நடையைப் பார்த்ததுமே யமுனாவுக்குத் தெரிந்துவிட்டது.

"நைனா."

அவர் திரும்பினார். பக்கெட்டுகளைப் படியில் வைத்தார். அவளைப் பார்த்தார், அவளுக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்றும் பார்த்தார்.

"பாப்பா எப்படி கீது?" என்றார்.

"நல்லா கீது. ஏழாவது படிக்குது."

"ஏழாவதா!" அவர் முகம் மலர்ந்து, அப்படியே அடங்கியது. "தண்ணிக்கு கிட்ட போவாம பாத்துக்கிறியா?"

யமுனா தலையை ஆட்டினாள். ஜெபகுமார், "நல்லா இருக்கீங்களா மாமா?" என்றான்.

"எனக்கின்னா, நல்லாதான் கீறேன். வேளைக்கு சோறு, மொட்டமாடில எடம். முன்ன மாதிரி குடிக்கறதில்ல." அவர் யோசித்தார். "எப்பனா."

"எத்தினி எடத்துல தேடினோம் தெரியுமா?" என்றாள் யமுனா. "தொலைஞ்சே பூட்டன்னு நெனச்சோம்."

"நான் எங்கம்மா தொலைஞ்சேன்? அன்னிக்கி ஏறின பஸ் இந்த ஊருக்கு வந்துச்சு, எறங்கினேன், இங்கியேதான் கீறேன்." உண்மையிலேயே அவருக்குப் புரியவில்லை. "நீ போன்னு சொன்ன. போயிட்டேன். ஒன் பேச்ச நான் கேட்டது அந்த ஒரு வாட்டிதான்."

அவர் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்க முடியவில்லை. அவருக்கு அவர் தொலையவில்லை. இந்தத் தெருவும் இந்தப் படிக்கட்டும் அவருக்கு நன்றாகத் தெரியும். தொலைத்த இடத்தில் நின்றவள் அவள் ஒருத்திதான், இத்தனை வருஷமும்.

"உங்கம்மா வரலியா?" என்றார்.

அவள் வருகிற வழியெல்லாம் பயந்துகொண்டிருந்த கேள்வி அது. அவரைப் படியில் உட்கார வைத்து, பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாள். கொரோனா என்றாள், ஆஸ்பத்திரியில் மூச்சு முட்டியது என்றாள், கடைசிவரை பூ வைத்திருந்தாள் என்றாள். ரங்கன் கேட்டுக்கொண்டே இருந்தார். அழவில்லை. சுவரைக் கையால் தடவிக்கொண்டே இருந்தார், அங்கே ஏதோ ஒட்டியிருப்பது போல.

மேலேயிருந்து யாரோ தெலுங்கில் கத்தினார்கள், சுடுதண்ணீர் எங்கே, தரிசனத்துக்கு நேரமாகிறது என்று. ரங்கன் சட்டென்று எழுந்தார். ஒரு பக்கெட்டை எடுத்துக்கொண்டு ஏறினார். யமுனா இன்னொன்றைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் போனாள்.

வீட்டுக்கு வா என்று அன்றைக்கு எத்தனையோ விதமாகக் கேட்டுப் பார்த்தார்கள். அவர் வரவில்லை. "பாப்பா மொகத்துல எப்படிம்மா முழிக்கிறது?" என்பது ஒரு பதில். "காலைல பாய்லர யாரு பத்த வெப்பாங்க?" என்பது இன்னொரு பதில். இரண்டுமே நிஜம்தான். திரும்பி வரும்போது யமுனா ஜெபகுமாரின் காதுக்கருகில் கத்தினாள்: "அந்த மேய்ப்பனுக்கு இன்னா, தோள்மேல போட்டுக்கினு வந்துட்டான். ஆடு வரமாட்டேன்னா சொல்லிச்சு?" ஜெபகுமார் சிரிப்பை அடக்க முடியாமல் வண்டியை ஓரங்கட்டினான். அவளுக்கும் சிரிப்பு வந்தது. நைனாவைப் பற்றிப் பேசி அவள் சிரித்து வெகுகாலம் ஆகியிருந்தது.

அடுத்த முறை ஹர்ஷினியைக் கூட்டிக்கொண்டு போனார்கள். போவதற்கு முன் நடந்ததை எல்லாம் யமுனா மறைக்காமல் மகளிடம் சொன்னாள். "எனக்கு ஒண்ணும் ஞாபகமே இல்லம்மா" என்றாள் ஹர்ஷினி. லாட்ஜில் தாத்தா தலை குனிந்து நின்றபோது, அவள் பாய்லரைப் பார்த்து, இது எப்படி ஓடும் என்று கேட்டாள். அவர் முதலில் ஒரு வார்த்தையில் சொன்னார். அவள் திரும்பத் திரும்பக் கேட்டாள். கொஞ்ச நேரத்தில் குழாயைத் திறந்து மூடிக் காட்டி, விறகு போடுகிற காலத்தில் எப்படி இருந்தது, காஸ் வந்தபின் எப்படி என்று விவரித்துக்கொண்டிருந்தார். அதில் பாதி பொய்யாக இருக்கும் என்று யமுனாவுக்குத் தோன்றியது.

பாஸ்டர் ஹரிபாபுவிடம் ஒருநாள் விஷயத்தைச் சொன்னாள். அவர் சந்தோஷப்பட்டார், உடனே சபையில் சாட்சியாகச் சொல்லச் சொன்னார். அவள் மாட்டேன் என்றாள். "கதைல ஆடு வூட்டுக்கு வந்துச்சு, விருந்து வெச்சாங்க. எங்க நைனா இன்னும் லாட்ஜுலதான் கீது. சாட்சி சொல்ற மாதிரி ஒண்ணும் முடியல பாஸ்டர்." அவர் வற்புறுத்தவில்லை. அவள் மறுபடி மைக்கைப் பிடித்தாள். பழைய வேகம் வந்துவிட்டது. முழுசாக வரவில்லை. இப்போதெல்லாம் சில வாக்கியங்களுக்கு முன்னால் கொஞ்சம் நிற்கிறாள். பிள்ளைகள் அதைப் பழகிக்கொண்டார்கள்.

ஆவணி மாசத்தில் ரங்கன் தானாகவே போன் செய்தார். மூன்று நாள் லீவு வாங்கியிருப்பதாகச் சொல்லி, எந்த பஸ் ஏற வேண்டும் என்று கேட்டார். முதலில் பிச்சாட்டூருக்கு அழைத்துப் போகச் சொன்னார். மணியம்மாவைப் புதைத்த இடத்தில் புல் வளர்ந்திருந்தது. அவர் உட்கார்ந்து அதைப் பிடுங்கினார். யமுனா உதவ வந்தபோது வேண்டாம் என்று கையைக் காட்டினார். வெயில் ஏறும் வரை ஒரு ஆளாகவே பிடுங்கி முடித்தார். மிச்ச நாட்களை வரதய்யபாளையத்தில் வாசலில் நாற்காலி போட்டுக்கொண்டு கழித்தார். ஹர்ஷினி பள்ளிக்கூடம் போகும்போதும் வரும்போதும் பார்த்தார். சபைக்கு வருகிறீர்களா என்று ஜெபகுமார் கேட்டதற்கு, "எனக்கு மலைமேல கீறவரே போதும் மாப்ள" என்றார்.

இங்கேயே இருந்துவிடு என்று கடைசி நாள் காலையில் யமுனா இன்னொரு தடவை கேட்டாள்.

"பொரட்டாசி வருதும்மா. கூட்டம் தாங்காது. நான் இல்லன்னா லாட்ஜுக்காரன் திண்டாடிப் பூடுவான். அப்பால வரேன்."

அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. உள்ளே போய் ஒரு டப்பாவில் கருவாட்டுக் குழம்பை ஊற்றி, மூடியை ரப்பர் போட்டு இறுக்கி எடுத்துவந்தாள். ரங்கன் அதை முகர்ந்து பார்த்தார்.

"பொரட்டாசி நேரத்துல கருவாடு இன்னாத்துக்கும்மா?"

"பொரட்டாசி பொறக்கறதுக்கு இன்னும் நாள் கீது நைனா. இன்னிக்கே துன்னுட்டு டப்பாவ கழுவி வெய்யி. ஞாயித்துக்கெழம வந்து வாங்கிக்கிறேன்."

ஜெபகுமார் பைக்கை உதைத்தான். ரங்கன் டப்பாவை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தார்.